டிரெய்லர் பலகை அடியிலிருந்துதான் இற்றுப்போகிறது: சேரன்மகாதேவி வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 பங்குனி, பிசானப் பருவ நெல் அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு ஊரில், நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த டிராக்டர் டிரெய்லரின் தளப்பலகை ஒன்று முறிந்து, மேலே நின்று மூட்டை அடுக்கிய ஆளின் கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நல்லவேளை, சிராய்ப்போடு தப்பினார். வண்டி நின்ற இடத்தில் நடந்ததால் தப்பினார் என்று சொல்ல வேண்டும். அந்த வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது, தளத்தை முழுக்கப் பிரித்துப் பார்த்தோம், திரும்பப் போட்டுக் கொடுத்தோம், அதற்குப் பிறகு இரண்டு ஐப்பசி மழை கழிந்தும் போய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்ததை விவரமாக எழுதிவைக்கிறேன். நம் பக்கம் மரத்தளம் போட்ட வண்டி வைத்திருக்கிறவர்கள் கேட்பதெல்லாம் "மேலே என்ன பூசலாம்?" என்பதுதான். பலகை சாவது மேலே இல்லை.

வண்டியைப் பற்றி முதலில். 10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டு சக்கரம், டிப்பர் கிடையாது. சேஸ் மேல் 2 அடிக்கு ஒன்றாக 6 குறுக்குச் சேனல் (தளத்தைத் தாங்கும் இரும்புச் சட்டம்), அதன்மேல் நீளவாக்கில் 9 பலகை, ஒவ்வொன்றும் 8 இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவான அகலம், ஒன்றேகால் இஞ்சு கனம். பெரும்பாலும் மருதுப் பலகை, உரிமையாளரின் அப்பா காலத்தில் போட்டது. இரண்டு பலகை மட்டும் இடையில் மாற்றியது, விலை குறைந்த மரம். உரிமையாளரை அண்ணாச்சி என்றே சொல்கிறேன், ஊரில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிற மனிதர் அவர். வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் டிராக்டரில் இறக்கிய வேஸ்ட் ஆயிலைத் தளம் முழுக்கப் பூசிவிடுவார். மேலே நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்த பலகை கருகருவென்று, கெட்டியாக, ஒரு வெடிப்பும் இல்லாமல்தான் இருந்தது.

"வெள்ளத்துல ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சுல்லா தம்பி, அதுலதான் பலகை போச்சு" என்றார். 2023 டிசம்பர் 17, 18 மழையைத்தான் சொல்கிறார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், தாமிரபரணி இரண்டு கரையையும் விழுங்கியதும் நமக்கெல்லாம் தெரியும். வண்டி தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்றது, தளத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. அவர் அப்படி நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் பிரித்த பலகை வேறு கதை சொன்னது.

பிரிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. நட்டு ஒன்றுகூட ஸ்பேனருக்கு அசையவில்லை, பாதிக்கு மேல் கட்டர் வைத்துத்தான் எடுத்தோம். வெளியே வந்த போல்ட்டுகளைத் தரையில் வரிசையாகப் போட்டதும் முதல் விஷயம் தெரிந்துவிட்டது. தலை நன்றாக இருக்கிறது, நட்டுப் பக்கம் துரு ஏறினாலும் கனம் இருக்கிறது, பலகை முடிந்து சேனல் தொடங்கும் அந்த ஒரே இடத்தில் மட்டும் ஒவ்வொரு போல்ட்டும் இடுப்பு மெலிந்து பாதியாகியிருந்தது. எல்லா போல்ட்டிலும் ஒரே உயரத்தில். தண்ணீர் எங்கே தங்கியது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

பலகைகளைத் திருப்பிப் போட்டோம். அடியில் சேனல் உட்கார்ந்திருந்த 6 இடத்திலும் குறுக்காகப் பட்டை பட்டையாகக் கறுத்து, ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினால் அரை இஞ்சு உள்ளே இறங்கியது. கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. இது பூஞ்சை தின்ற மரம். இரண்டு சேனலுக்கு நடுவில், அடியில் காற்று படும் இடத்தில், அதே பலகை இரும்பாக இருந்தது, சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்டது. முறிந்த பலகையில் மேலே அரை இஞ்சு நல்ல மரம், கீழே முக்கால் இஞ்சு பொடி. மேல் அரை இஞ்சுதான் இத்தனை மூட்டையையும் தாங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளம் செய்ததென்றால் பலகை முழுக்க ஒரே மாதிரி கெட்டிருக்க வேண்டும். தண்ணீர் ஏறியது எல்லா இடத்திலும்தானே. அது மட்டுமில்லை, இரண்டு நாள் முழுகியதால் மரம் இற்றுப்போவது நடக்காத காரியம். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். காய்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் அது வளராது. முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தாலும் காற்று இல்லாததால் வளராது, அதனால்தான் ஆற்றுக்குள்ளும் குளத்துக்குள்ளும் முழுகியே கிடக்கும் கட்டை பல காலம் நிற்கிறது. ஆபத்து இரண்டுக்கும் நடுவில்: நனையும், முழுக்கக் காயாது, மறுபடி நனையும். பலகைக்கும் சேனலுக்கும் இடையில் இருக்கும் அந்த 2 இஞ்சுப் பட்டையில் நடப்பது இதுதான். மழையோ, சாணத்தில் வடியும் நீரோ இடுக்கு வழியாக இறங்கி அங்கே ஒட்டிக்கொள்ளும், வெயில் மேலே எரிந்தாலும் அங்கே காற்று போகாது, காய்வதற்கு முன் அடுத்த லோடு வந்துவிடும். இது பல வருஷ வேலை. வெள்ளம் வந்த மூன்றாவது மாதம் முறிந்ததால் வெள்ளத்தின் தலையில் விழுந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு சாட்சி முன்பாதியில் இருந்தது. தொழு உரம் இறக்கும்போது மண்வெட்டி பலகை இடுக்கில் தட்டுகிறதென்று, பழைய ஃப்ளெக்ஸ் பேனரை இரண்டு மடிப்பாக விரித்து ஓரத்தில் ஆணி அடித்திருந்தார்கள். அதை உரித்ததும் வாடையே வேறு. ஆணி போன துளை வழியாக இறங்கிய தண்ணீர் பேனருக்கு அடியில் மாட்டிக்கொண்டு, பின்பாதியில் அடிப்பக்கம் மட்டும் கெட்டிருக்க முன்பாதியில் மேலும் கீழும் கெட்டிருந்தது. பலகை மேல் தகர ஷீட் அடிப்பதும் இதே தப்பைத்தான் செய்யும். பலகையைப் பாதுகாக்கிறோம் என்று அதை மூடிக் காயவிடாமல் செய்கிற வழி இது, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

மாற்றிய இரண்டு பலகையின் கதை தனி. அவற்றில் வைரம் (மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டிப் பகுதி) கொஞ்சம், வெள்ளை (அதைச் சுற்றியுள்ள வெளிறான பகுதி) அதிகம். எந்த ஜாதி மரமாக இருந்தாலும், தேக்கே ஆனாலும், வெளிறான ஓரப்பகுதி பூச்சிக்கும் பூஞ்சைக்கும் நிற்காது. அந்த இரண்டிலும் வெள்ளைப் பகுதி உளுத்து மாவாகக் கொட்டியது, வைரப் பகுதி தப்பியிருந்தது. பக்கத்திலேயே எவ்வளவோ காலம் முந்திப் போட்ட மருது இவற்றைவிட நன்றாக இருந்தது.

அப்போது வேஸ்ட் ஆயில் என்ன செய்தது? கொஞ்சம் உதவியிருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன், மேல்பரப்பு வெயிலில் வெடிக்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அது காய்ந்து படலமாகிற எண்ணெய் இல்லை. மேலே தூசியோடு சேர்ந்து பசையாகும், மழை பெய்தால் வழுக்கும், ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு அது ஆபத்து. எஞ்சினில் தேய்ந்த உலோகமும், தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரவைக்கும் கரிப்பொருட்களும் அதில் இருக்கின்றன. அந்தத் தளத்தில்தான் சாப்பிடும் நெல்லைக் கொட்டுகிறோம், களத்தில் சொட்டுகிறது, மழையில் வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகிறது. இத்தனையையும் பொறுத்துக்கொண்டாலும், மேலே பூசிய எண்ணெய் சேனல் உட்காரும் இடத்துக்குப் போகவே இல்லை. நோய் ஓரிடம், மருந்து ஓரிடம்.

அண்ணாச்சி ஒரு கட்டத்தில் "பேசாம இரும்பு ஷீட்டே போட்டுருவோமா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, இப்போது புதிதாக வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஷீட்தான். மணல், செங்கல், ஜல்லி மட்டும் அடிக்கிற வண்டி என்றால் நானும் ஷீட்தான் சொல்வேன். இவர் வண்டியில் தொழு உரம், பொட்டாஷ் மூட்டை, யூரியா மூட்டை எல்லாம் போகிறது. பொட்டாஷில் இருக்கும் குளோரைடு இரும்பைத் தின்றுவிடும், சாணத்து ஈரமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மரத்தில் ஒரு பலகை போனால் ஒரு பலகையை மட்டும் மாற்றலாம், ஊர் ஆசாரியே மாற்றிவிடுவார். இந்த வேலைக்கு மரம்தான் சரி, ஆனால் போடுகிற விதத்தில் போட வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்.

9 பலகையில் 3 பழைய மருதுப் பலகையைக் காப்பாற்ற முடிந்தது, கெட்ட இடம் அரை இஞ்சுக்குள் இருந்தவை. மற்ற 6க்கும் செங்கோட்டை மில்லில் வேங்கை வாங்கினோம், ஒன்றரை இஞ்சு கனத்தில், வெள்ளை ஓரத்தை முழுக்கச் சீவித் தள்ளச் சொல்லி. கன அடி விலை கூடத்தான். வேங்கையில் ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: முதல் மழைக்கு மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் இறங்கும், மரம் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். வேங்கை மர டம்ளரில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுமே, அதே சாயம்தான். சில லோடுக்கு மூட்டைக்கு அடியில் படுதா விரித்துக்கொண்டால் போதும்.

வாங்கியதும் போட்டுவிடவில்லை. இடையில் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காற்றோட்டமாகக் காயவைத்தோம். பச்சை மரத்தை இறுக்கிப் பூட்டினால் ஆடிக் காற்றில் சுருங்கி, போல்ட் துளையிலிருந்து வெடிப்பு ஓடும். காய்ந்ததும் ஒவ்வொரு பலகையின் வெட்டுமுனையையும் பார்த்து, வளையக் கோடுகள் எந்தப் பக்கம் வளைகின்றன என்று குறித்தோம். மரத்தின் நடுப்பக்கம் மேலே வரும்படி போட்டால், பலகை மேலும் காயும்போது நடு லேசாக மேடாகும், தண்ணீர் வழிந்தோடும். பட்டைப் பக்கம் மேலே வந்தால் நடு குழிந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். செலவே இல்லாத வேலை, பார்த்துப் போடுகிறவர்கள்தான் குறைவு.

சேனல்களைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, பலகை உட்காரும் மேல்முகத்துக்கு மட்டும் கறுப்புத் தார் பெயிண்ட் இரண்டு கை கனமாக அடித்துக் காயவிட்டோம். துரு பிடித்த இரும்பு ஈர மரத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் துரு மரத்தையும் கெடுக்கும், பழைய போல்ட் துளைகளைச் சுற்றிக் கறுத்து நொய்ந்திருந்தது அதனால்தான். புது போல்ட் எல்லாம் கால்வனைஸ் பண்ணியது, அடியில் பெரிய வாஷர். துளைகளை எல்லாம் பூச்சுக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். பூசிய பிறகு துளை போட்டால் துளைக்குள் பூச்சு படாத மரம்தான் இருக்கும், முதலில் தண்ணீர் இறங்குவதும் அங்கேதான்.

பூச்சைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன். பழைய மருதுப் பலகைகளில் கெட்டதைச் சீவி எடுத்த பிறகு, வெங்காரம் (போராக்ஸ்) 3 பங்கு, போரிக் அமிலம் 2 பங்கு, இரண்டும் சேர்த்து லிட்டருக்கு 100 கிராம் அளவில் வெந்நீரில் கரைத்து, சூட்டோடு பிரஷ்ஷால் பூசினோம், ஊற ஊறத் திரும்பத் திரும்ப. போரான் உப்பு பூஞ்சையையும் கரையானையும் கொல்லும், கொஞ்சம் ஈரம் உள்ள மரத்தில் இன்னும் ஆழமாகப் போகும். ஆனால் மழையில் கரைந்து வெளியேறிவிடும், அதனால் காய்ந்த பிறகு மேலே எண்ணெய் கட்டாயம். மிச்சக் கரைசலைச் செடி, வயல் பக்கம் ஊற்றக் கூடாது, அதிக போரான் பயிருக்கு ஆகாது.

எண்ணெய்க்கு டபுள் பாயில்டு லின்சீடு ஆயில், அதாவது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். முதல் கைக்கு டர்பன்டைன் சரிபாதி கலந்து நீர்க்க, உள்ளே இறங்கட்டும் என்று. அடுத்த கை எண்ணெய் மட்டும். சிறிது நேரம் ஊறவிட்டு மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிசுபிசுத்தே கிடக்கும். ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் யாரும் அலட்சியமாக எடுக்க வேண்டாம்: அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தீக்குச்சி தேவையில்லை. வைக்கோல் படப்பு இருக்கிற வீட்டில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வாளியில் முக்கி வைக்க வேண்டும், அல்லது வெட்டவெளியில் தனித்தனியாக விரித்துக் காயப்போட வேண்டும்.

பூசியதில் முக்கால்வாசி எண்ணெய் போனது அடிப்பக்கத்துக்கும், வெட்டுமுனைகளுக்கும், போல்ட் துளைகளுக்கும்தான். வெட்டுமுனை என்பது வைக்கோல் கட்டின் வெட்டிய பக்கம் மாதிரி, எல்லாக் குழாயும் அங்கே வாய் திறந்து நிற்கிறது, பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். எண்ணெயையும் அதே வேகத்தில் இழுக்கும், குடிக்கிற வரை கொடுத்துக்கொண்டே இருந்தோம். முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயும் அடிப்பக்கத்துக்கு நல்லதுதான், மரவள்ளங்களுக்குப் பூசுகிற பழக்கம் உண்டு, ஆனால் கையில் பட்டால் கொப்புளம் போடும், அதனால் இந்த வண்டிக்கு எடுக்கவில்லை. வேப்பெண்ணெய் சிலர் சொல்வார்கள். அது காய்ந்து நிற்காது, ஒரு மழைக்காலத்தில் போய்விடும்.

அண்ணாச்சிக்கும் எனக்கும் பேச்சு நீண்டது இடைவெளி விஷயத்தில்தான். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் விட வேண்டும் என்றேன். "நெல்லு முழுக்க ரோட்டுல போவும்டே" என்றார். அறுவடை மெஷினிலிருந்து நேராக வண்டியில் நெல்லைக் கொட்டுகிற காலம் இது, அவர் சொல்வது உண்மை. ஆனால் இடைவெளி இல்லாமல் நெருக்கிப் போட்டால், மழையில் பலகை ஊதி ஒன்றையொன்று நெருக்கும், போல்ட்டைப் பிடுங்கும், தண்ணீர் வடிய வழியிருக்காது, காற்றும் ஏறாது. கடைசியில் 4 மில்லிமீட்டர் என்று முடிவானது, 3 இஞ்சு ஆணியை இடையில் வைத்துப் பூட்டினோம். நெல் கொட்டும் அன்றைக்கு மட்டும் படுதா விரிப்பது, இறக்கியதும் எடுத்துவிடுவது. இப்போது அவருக்கு அது பழகிவிட்டது.

வண்டியை வைத்துக்கொள்ளும் விதத்தில் சிலதை மாற்றச் சொன்னோம். உரம் அடித்த அன்று ராத்திரிக்குள் கழுவி, இடுக்குகளை ஒரு தட்டைக் கம்பியால் கீறிவிட வேண்டும். வாழைத்தார் ஏற்றினால் சருகும் மட்டைத் துணுக்கும் இடுக்கில் அடைத்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதையும். நிறுத்தும்போது கொக்கிப் பக்கத்தைக் கல் வைத்து உயர்த்தி, பின்கதவைத் திறந்து போட்டால் தண்ணீர் பின்னால் ஓடிவிடும். புளிய மரத்தடி நிழல் வண்டிக்கு நிழல் இல்லை, இலை விழுந்து ஊறுகிற இடம். தார்ப்பாயைத் தரை வரை இழுத்து மூடுவதைவிட, நாலு பக்கமும் திறந்த கொட்டகை நல்லது. அப்புறம் கேஜ் வீல், சேற்றில் உழ டிராக்டருக்கு மாட்டுகிற இரும்புச் சக்கரம். தொழி அடிக்கப் போகும்போது அதை வண்டியில் தூக்கிப் போட்டு இழுப்பதில் பலகையின் முகமே கிழிந்துவிடுகிறது, எண்ணெய் இறங்கிய மேல்தோல் போய்விடுகிறது. அடியில் இரண்டு பழைய டயரைப் போட்டு அதன்மேல் வைத்தால் போதும்.

எண்ணெய் பூசும் மாதத்தையும் மாற்றினோம். தீபாவளிக்கு முன் என்பது மழை தொடங்குகிற நேரம், மரம் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், எண்ணெய் இறங்காது. பிசான அறுப்பு முடிந்து சித்திரை வெயிலில் பலகை காய்ந்து கிடக்கும்போது பூசினால் கண் முன்னாலேயே குடிக்கும். போல்ட் முறுக்குவதும் அப்போதுதான், காய்ந்து சுருங்கியதில் நட்டு தளர்ந்திருக்கும்.

2024 மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது சேனல் ஓரங்களில் ஸ்குரூடிரைவர் எங்கும் இறங்கவில்லை. 2025 மழைக்குப் பிறகு பார்த்ததில் வேங்கைப் பலகை ஆறும் கெட்டி. காப்பாற்றி வைத்த மருதில் ஒன்று, முன்பலகைக்கு (தளத்தின் முன்பக்கம் நிமிர்ந்து நிற்கும் தடுப்பு) கீழே இருக்கும் முனையில், ஒரு விரல் அகலத்துக்கு நொய்ய ஆரம்பித்திருக்கிறது. அந்த மூலையில் மண்ணும் சாணமும் சேர்ந்து, கழுவினாலும் போகாமல் இருந்திருக்கிறது, முன்பலகை தளத்தோடு ஒட்டி நிற்பதால் தண்ணீருக்குப் போக வழியில்லை. முன்பலகையின் அடியோரத்தை அரை இஞ்சு உயர்த்தி வெட்டிவிட்டோம், இப்போது கம்பி உள்ளே போய் வருகிறது. நொய்ந்த முனையைச் சீவி, வெங்காரக் கரைசலும் எண்ணெயும் கொடுத்திருக்கிறோம். வரும் சித்திரையில் அந்தப் பலகையை மட்டும் கழற்றி, அடிப்பக்கம் அரை இஞ்சுக்கு மேல் இறங்குகிறதா என்று பார்த்து, இறங்கினால் மாற்றிவிடுவதாகப் பேச்சு. அதற்கு வேண்டிய வேங்கைப் பலகை ஒன்றை அண்ணாச்சி இப்போதே வாங்கிப் பரணில் காயப்போட்டிருக்கிறார்.